கழிவு

துறைமுகத்தில் விடியுமுன் என் வேலை
கழிப்பதுதான்.
கூடைக்கு ஒன்றரைக் கிலோ.
ஐசுக்கு இரண்டு.
மத்தி தண்ணீர் சொட்ட வந்தால்
வியாபாரி முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு கால்.
மீதிதான் மீன். மீதிக்குத்தான் காசு.
இருபது வருஷத்தில் கூடையை
மீனென்று சொல்லி நான் விற்றதில்லை.

ஆலப்பாக்கம் தாண்டி
தம்பி அஞ்சப்பன் வண்டியை நிறுத்தினார்கள்.
பிறகு நிறுத்தார்கள்.
தராசு பக்கத்து மளிகைக் கடையினுடையது.
மீன் பெட்டிகளுக்கு அடியில் இரண்டு சாக்கு.
அன்று அடைமழை,
சாக்கு வயிறு முட்டக் குடித்திருந்தது.
இருபத்தொரு கிலோ முந்நூறு கிராம்
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.
இருபது வரை ஒரு கணக்காம்,
தாண்டினால் வேறு கணக்காம்.
ஈரச் சாக்குக்குக் கழிவு
யாரும் போடவில்லை.

அவன் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன்.
தெரிந்துதான் ஏற்றினான்.
நடைக்கு எட்டாயிரம்.
இஞ்சின் கடன் என்றான்.
அந்தப் பணத்தில் எனக்கும்
ஒரு சேலை வந்தது, ஊதா நிறம்.
இப்போதும் பெட்டியில் இருக்கிறது.

பத்து வருஷம்.
அபராதம் ஒரு லட்சம், கட்டாவிட்டால் பதினொன்று.

கேப்பர் மலையிலும் கழிவு உண்டு.
ஒழுங்காக இருந்தால் மாதத்துக்கு இத்தனை நாள்,
ரொட்டி அடுப்பில் நின்றால் இத்தனை நாள் என்று.
பக்கத்து அறைக்காரர்
பங்காளியை வெட்டிவிட்டு வந்தவர்,
போன செப்டம்பரில்
எல்லாம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.
போகும்போது அஞ்சப்பனிடம்
தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.
நல்ல கனமான போர்வை என்றான்.

அஞ்சப்பன் மனுவுக்கு ஒன்றரை வரி வந்தது.
மேற்படி சிறைவாசி
போதைப்பொருள் வழக்கினர் என்பதால்
தண்டனைக் கழிவுக் கோரிக்கை
பரிசீலிக்க இயலாது.

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
வக்கீலம்மா பெலிசியா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.
முப்பத்திரண்டாம் பிரிவு,
அதன் வாலில் ஒரு ஏ.
அந்த ஏ-தான் தாழ்ப்பாள் என்றார்.
ஆட்டிப் பார்க்கலாம்,
திறக்கும் என்று சொல்லி உங்களிடம் காசு வாங்கமாட்டேன்.

சாக்கு? என்றேன்.
அது அப்பீலிலேயே முடிந்துவிட்டது அக்கா,
இனி அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.
நாளை மட்டும்தான் கேட்கலாம்.

நாளை.
எத்தனை நாளை?
விரல் விட்டு எண்ணி
ஐந்நூற்றுச் சொச்சம் என்றார்.

டைப் அடிக்கும் பையன்
மூக்கைச் சுளித்துக்கொண்டே பேனாவை நீட்டினான்.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன்.
என்ன செய்ய,
என் கையெழுத்துக்கே மீன் வாடை.
சென்னைக்குப் போகட்டும்,
நீதிபதிகளும் ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மலைக்குப் போனேன்.
அங்கே முகம் பார்க்கவும் மனுதான்.
வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர்
ஒரே நேரத்தில் கத்துகிறோம்.
காணாங்கெளுத்தி என்ன விலை என்றான்.
சொன்னேன்.
சங்கரா?
சொன்னேன்.
பாப்பா எட்டாவது போய்விட்டாளா?
போய்விட்டாள்.
மனு என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை.
அப்பாடா என்று நானும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
கெடிலம் பாலம் ஏறும்போது
பையிலிருந்த காகிதத்தை மறுபடி பிரித்தேன்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
நகல் சிறைவாசிக்கு வழங்கி ஒப்புதல் பெறப்பட்டது.
தேதி, எனக்கு வருவதற்குப் பதினொரு நாள் முன்பு.

காணாங்கெளுத்தி விலையை
அவன் இரண்டு தரம் கேட்டிருந்தான்.

மறுநாள் பண்ருட்டியிலிருந்து புது வியாபாரி.
கூடை தட்டில் ஏறுமுன்னே கேட்டார்,
கழிவு எவ்வளவும்மா போடுவீங்க?

சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நிக்கட்டும் இருங்க என்றேன்.